எடை தூக்கிற பார் வாங்கப்போற தம்பிமாருக்கு

"வீட்டில ஜிம் போடப்போறன், என்ன பார் வாங்குறது அண்ணை?" எண்டு இன்பொக்ஸில கேக்கிற எல்லாருக்கும் சேத்து இஞ்சயே சொல்லிவிடுறன்.

நிறையைக் கேக்க முதல் முனையைப் பாருங்கோ. எடைத் தட்டுப் போடுற முனை 50 மில்லிமீற்றர் தடிப்பு எண்டால் அது ஒலிம்பிக் பார். ஆம்பிளையளின்ர போட்டிப் பார் நிறை 20 கிலோ, நீளம் 2.2 மீற்றர், பிடிக்கிற இடம் 28 மில்லிமீற்றர். பெண்களின்ர 15 கிலோ, 25 மில்லிமீற்றர். ஒரு இஞ்சி முனைப் பார் மலிவுதான். ஆனா பிறகு பெரிய பாருக்கு மாறேக்க தட்டையும் திரும்ப வாங்கவேணும்.

கடையில நிலத்தில வைச்சு மெல்ல உருட்டுங்கோ. நடுத்தண்டு ஏறி இறங்கி ஓடினால் வளைவு இருக்கு, அதை வாங்காமல் திருப்பி வைச்சிடுங்கோ. முனையைச் சுத்திவிட்டாத் தடங்காமல் சுத்தவேணும், இல்லாட்டி கிளீன் அடிக்கேக்க (பாரை நிலத்திலயிருந்து ஒரே மூச்சில தோளுக்குத் தூக்கேக்க) மணிக்கட்டு முறுகும்.

இனி எங்கட ஊர்ப் பிரச்சினை. திருகோணமலை டைக் வீதிப் பக்கம் யன்னல் கம்பியே கறள் கட்டி உதிருது. பூச்சில்லாத இரும்பு கைக்குச் சோக்கான பிடி, ஆனா எங்கட கடற்காத்துக்கு நிண்டுபிடிக்காது. குரோம் பூசினது பரவாயில்லை. காசிருந்தா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பிடிக்கிற இடத்துச் சொரசொரப்புக்குள்ளதான் வியர்வையும் உப்பும் போய் இருக்கும். பழைய பல்லுப் பிரஷால தேய்ச்சு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டுத் துடையுங்கோ. தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுபிசுக்கும்.

அறை 10 அடியாவது அகலம் இருக்கவேணும், தட்டுக் கழட்ட. திரீவீலில ஏத்தலாமோ எண்டு மட்டும் கேக்காதேங்கோ.