லேசிக் செய்த கண்ணில் கண்புரை: பழைய கண்ணாடி கைகொடுத்தது

2003-இல் லேசிக் (கண்ணாடி போடாமல் இருக்கக் கருவிழியை லேசரால் செதுக்குவது) செய்துகொண்டேன். அதற்கு முன் இரண்டு கண்ணிலும் மைனஸ் 7-க்கு மேல். அப்புறம் இருபது வருஷம் கண்ணாடி என்ற ஒன்றையே மறந்துவிட்டேன். கண்புரைக்குப் பரிசோதனை செய்யப் போனபோது சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா என்று வரிசையாகக் கேட்டார்கள், நானும் குடல்வால் எடுத்ததைச் சொன்னேன், லேசரைச் சொல்லவே இல்லை. பத்து நிமிஷத்தில் முடிந்த அது ஆபரேஷன் என்று என் மனதில் பதிந்ததே இல்லை.

அளவெடுத்தார்கள், புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்க 18 பவர் லென்ஸ் என்று எழுதினார்கள், தேதியும் குறித்தாயிற்று. கிளம்பும் நேரத்தில் டாக்டர் அந்தத் தாளை மறுபடி பார்த்துவிட்டு, "கண்ணு 26 மில்லிமீட்டருக்கு மேல நீளமா இருக்கு. இந்த நீளத்துக்குப் பெரிய மைனஸ் பவர் இருந்திருக்கணுமே. கருவிழி வேற ரொம்பத் தட்டையா இருக்கு. லேசர் ஏதாவது பண்ணிக்கிட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றதும் பேனாவை எடுத்து அந்த 18-ஐ அடித்துவிட்டார்.

ஏன் என்று உட்கார வைத்துச் சொன்னார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட முக்கியமாக இரண்டு அளவு வேண்டும்: கண்ணின் நீளம், கருவிழியின் வளைவு. நீளத்தில் எனக்குப் பிரச்சினை இல்லை. வளைவை அளக்கும் வழக்கமான கருவி கருவிழியின் முன்பக்கத்தை மட்டும், அதுவும் நடுவைச் சுற்றி ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வட்டத்தில் பார்க்கிறது. பின்பக்கம் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து 1.3375 என்ற மாறாத எண்ணைப் போட்டு மொத்தப் பவரைச் சொல்லிவிடுகிறது. லேசர் தொடாத கண்ணில் அந்த ஊகம் ஏறக்குறைய சரியாக இருக்கும். லேசிக்கில் முன்பக்கத்தை மட்டும் செதுக்கிவிட்டார்கள், பின்பக்கம் பிறந்தபடியே இருக்கிறது, அதனால் விகிதம் கெட்டுப்போய்விடுகிறது. கருவி எனக்கு 38.5 டயாப்டர் (பவரின் அலகு) காட்டியது. உண்மையில் 37.5 பக்கம்தான் இருக்கும் என்றார்.

இது போதாதென்று இன்னொரு பிழையும் சேர்கிறது. எஸ்ஆர்கே/டி மாதிரியான வழக்கமான சூத்திரங்கள், லென்ஸ் கண்ணுக்குள் எவ்வளவு ஆழத்தில் போய் உட்காரும் என்பதையும் அதே வளைவை வைத்துத்தான் மதிப்பிடுகின்றன. கருவிழி தட்டை என்றால் லென்ஸ் முன்னாடியே நின்றுவிடும் என்று நினைத்துப் பவரைக் குறைத்துச் சொல்கின்றன. என் கண்ணுக்குள் இருக்கும் ஆழத்தை லேசர் மாற்றவே இல்லையே! இரண்டு பிழையும் லென்ஸின் பவரைக் குறைக்கும் பக்கமே இழுப்பதால் முடிவில் கண்ணில் பிளஸ் பவர் வந்து நிற்கும், தூரமும் தெளிவில்லை, பக்கத்தில் பார்ப்பது அதைவிட மோசம். (பிளஸ் பவருக்கு லேசர் செய்தவர்களுக்கு இதுவே தலைகீழாக, மைனஸில் போய் முடியும்.)

லேசருக்கு முந்தைய அளவுகள் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார். வீட்டில் கோப்புகளையெல்லாம் கொட்டித் தேடி அந்தப் பழைய உறையைக் கண்டுபிடித்தேன். உள்ளே கருவியிலிருந்து வந்த சின்னச் சுருள் தாள், வெள்ளை வெளேர் என்று. வெப்பத்தில் அச்சாகும் தாளாம், இருபது வருஷத்தில் எழுத்து முழுக்க அழிந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், ஓர் எண்கூடத் தெரியவில்லை. அழுகையே வந்துவிட்டது. ஆனால் அதே பெட்டியில் என் கடைசிக் கண்ணாடி கிடந்தது, கீறல் விழுந்து, ஒரு கால் ஒடிந்து. அதை எடுத்துக்கொண்டு போனேன். லென்ஸ் மீட்டரில் வைத்துப் பார்த்து வலது 7.50, இடது 7.25 என்று குறித்துக்கொண்டார்கள். லேசர் முடிந்து ஆறாவது மாதப் பரிசோதனைச் சீட்டு பேனாவால் எழுதியது, அது பிழைத்திருந்தது: இரண்டும் ஜீரோ. இந்தச் சீட்டு ரொம்ப முக்கியம் என்றார் டாக்டர், ஏனென்றால் இப்போது கண்ணில் இருக்கும் மைனஸ் 2 கண்புரையால் வந்தது, அதை லேசரின் கணக்கில் சேர்த்தால் எல்லாம் குழம்பிவிடும்.

கண் உலர்ந்து இருந்ததால் இரண்டு வாரம் செயற்கைக் கண்ணீர் போடச் சொல்லி, அப்புறம் வேறு வேறு நாளில் இரண்டு தடவை அளந்தார்கள். கருவியில் முகவாயை வைத்து, வட்டமாக எரியும் புள்ளிகளை இமைக்காமல் பார்க்க வேண்டும். முதல் தடவை எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, இரண்டாம் நாள் வந்தது.

பழைய எண்கள் தேவைப்படாத ஷம்மாஸ், ஹைகிஸ்-எல், பழைய பவர் மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளும் பாரெட் ட்ரூ-கே என்று மூன்று சூத்திரங்களிலும் போட்டுப் பார்த்தார். 19.5, 20, 20.5 என்று வந்தன. ஜீரோவைக் குறிவைத்துப் பிளஸில் விழுவதைவிடக் கொஞ்சம் மைனஸில் நிற்பது நல்லது என்று, மைனஸ் 0.5-ஐக் குறிவைத்து 20.5-ஐ எடுத்தோம். தூரம், பக்கம் இரண்டையும் காட்டும் மல்டிஃபோகல் லென்ஸ் கேட்டேன், வேண்டாம் என்றார். லேசர் செய்த கருவிழி ஏற்கெனவே வெளிச்சத்தைக் கொஞ்சம் கலைக்கிறது, பவரும் துல்லியமாக அமையாவிட்டால் இரண்டு தொல்லை. அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. பவர் கணக்கு தவறுவது புதிதில்லை: 1949-இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற கண் டாக்டர் உலகத்திலேயே முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தபோதே அந்த நோயாளிக்குப் பெரிய மைனஸ் பவர் வந்துவிட்டதாம், டாக்டர் சொன்னார்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கால் மணி நேரம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வலது கண் ஜீரோ. குறிவைத்ததைவிட அரைப் புள்ளி பிளஸ் பக்கம் நகர்ந்திருக்கிறது. அதனால் இடது கண்ணுக்குக் கணக்கு சொன்னதைவிட 0.5 கூட்டி வைத்தார்கள், அது சரியாக மைனஸ் 0.5-இல் நின்றது. முதலில் எழுதிய 18-ஐ வைத்திருந்தால் வலது கண் பிளஸ் 1.75 பக்கம் போயிருக்கும், வெளியே எடுத்து மாற்றுவதா, மேலே இன்னொரு லென்ஸ் வைப்பதா என்று அலைந்திருப்பேன்.

கண்புரைக்குப் போகிறவர்கள் யாரும் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், உள்ளே நுழைந்ததும் லேசர் செய்ததைச் சொல்லிவிடுங்கள். என் தம்பி போன வருஷம்தான் லேசர் செய்துகொண்டான். முந்தைய வளைவு அளவும் பவரும் உள்ள தாளை வாங்கி, நானே போட்டோ எடுத்து, எண்களைப் பேனாவாலும் எழுதி அவன் கோப்பில் வைத்திருக்கிறேன். அவன் கண்ணாடியையும் தூக்கிப்போட விடவில்லை.