குருத்தோலை ஞாயிறன்று வந்த ஈஸ்டர்

2017 செப்டம்பர் கடைசியில் எத்தியோப்பியாவின் கோண்டர் நகரத்தில் போய் இறங்கியதும் எனக்கு ஏழு வயது குறைந்துவிட்டது. அங்கே 2010 பிறந்து இரண்டு வாரம் சொச்சம்தான் ஆகியிருந்தது. வருஷத்துக்கு 13 மாதம். பன்னிரண்டு மாதங்களுக்குத் தலா 30 நாள். மிச்சம் விழும் ஐந்தாறு நாளைச் சேர்த்து பாகுமே என்று ஒரு குட்டி மாதம். மணிக்கணக்கும் வேறு. பொழுது விடிவதிலிருந்து எண்ணுவார்கள். நம்முடைய காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி.

வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்றே மாட்டிக்கொண்டேன். வீட்டுக்கார அம்மா இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் போய் நின்றேன். அவர் சொன்னது காலை எட்டு மணியை. கோபப்படவில்லை, சிரித்தார். மறுபடி கரியடுப்பை மூட்டி, பச்சைக் காப்பிக்கொட்டையை என் கண் முன்னாலேயே வறுத்து, இடித்து, மூன்று சுற்று காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வாடகையைப் பற்றிப் பேசினார். எல்லோரும் அவரை எமயே என்று கூப்பிட்டார்கள். அம்மா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு நான் மெம்ஹிர், வாத்தியார்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக்காரன், சி.எஸ்.ஐ. என்கிற புரொட்டஸ்டண்ட் சபைக் குடும்பம். எத்தியோப்பியா பழைய கிறிஸ்தவ நாடு, கிறிஸ்துமஸுக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். டிசம்பர் 25 திங்கட்கிழமை வந்தது. பழக்கதோஷம், விடியற்காலை நாலு மணிக்கே விழிப்புத் தட்டிவிட்டது. ஊரில் அந்நேரம் கோயில் மணி அடிக்கும், புதுச்சட்டை மொடமொடப்போடு அதிகாலை ஆராதனைக்குப் போய்க்கொண்டிருப்போம். இங்கே தெருவில் ஒரு சத்தமில்லை. எழுந்து குளித்து, தனியாக ஒரு ஞானப்பாட்டைப் பாடிவிட்டு எட்டரை மணி வகுப்புக்குப் போனேன். பையன்களுக்கு அது தஹ்சாஸ் மாதம் 16ஆம் தேதி, அவ்வளவுதான்.

சாயங்காலம் எமயேக்குப் பலகாரம் கொண்டுபோனேன். ஊரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் அம்மா கொடுத்தனுப்பிய அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும். தட்டை வாங்கியவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார்: முட்டை உண்டா? பால்? வெண்ணெய்? அவர்களுக்கு அது நோன்புக்காலம். கென்னா என்கிற அவர்களுடைய கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதற்கு முன்னால் நாற்பது நாளுக்கும் மேல் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடமாட்டார்கள். அச்சு முறுக்கில் முட்டை உண்டு, அது தட்டோடு என்னிடமே திரும்பியது. பாசிப்பயறும் கருப்பட்டியுமான முந்திரிக்கொத்து தேறிவிட்டது. கடித்துப் பார்த்துவிட்டு, 'உனக்கு இன்றைக்கே பிறந்துவிட்டாரா!' என்று கேட்டார்.

புரொட்டஸ்டண்டுகளாவது நம் பக்கம் இருப்பார்கள் என்று நம்பினேன். அங்கே அவர்களைப் பெந்தே என்பார்கள். லூத்தரன் வழியில் வந்த மெகானே யேசுஸ் சபை பெரிய சபை. அவர்களுக்கும் ஜனவரி 7தான். நாடே அன்றைக்கு லீவு போட்டுக் கொண்டாடும்போது நாலு பேர் மட்டும் டிசம்பரில் மெழுகுவர்த்தி ஏற்றி என்ன செய்வது?

கூட வேலை பார்த்த தூத்துக்குடி அண்ணன் ஒருவர்தான் எனக்குக் கணக்கைப் புரியவைத்தார். அவர் கத்தோலிக்கர், அங்கே ஆறு வருஷம் தள்ளியவர். 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி காலண்டரைத் திருத்தியபோது அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. அந்தத் திருத்தத்துக்கு உட்படாத பழைய கணக்கு இன்றைக்கு 13 நாள் பிந்தி நிற்கிறது. 'தம்பி, எங்க முத்துக்குளித்துறைக்காரங்க ஞானஸ்நானம் எடுத்தது 1530கள்ல. திருத்தம் வர்றதுக்கு முந்தி எங்க பாட்டன்மாரும் பழைய கணக்குலதான் கிறிஸ்துமஸ் வச்சிருப்பாங்க. உங்க சபைதான் பிந்தி வந்தது, அதான் ஒரே தேதியைப் பிடிச்சிக்கிட்டுத் தொங்குறீங்க' என்றார். சந்தடி சாக்கில் சபைச் சண்டையையும் இழுத்துவிடுகிற ஆள்.

கிறிஸ்துமஸில் ஏமாந்ததையாவது ஜீரணித்துக்கொண்டேன். ஈஸ்டர்தான் ஆளைப் புரட்டிப்போட்டது. முந்தின வருஷம், 2017இல், இரண்டு கணக்குக்கும் ஈஸ்டர் ஏப்ரல் 16இல் ஒன்றாக விழுந்ததாம். நான் அங்கே இருந்த 2018இல் நமக்கு ஏப்ரல் 1, அவர்களுக்கு ஏப்ரல் 8.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான லெந்து நாட்கள் அநேகமாகச் சேர்ந்தே தொடங்கின. அவர்களுடைய ஹுதாதே நோன்பு 55 நாள். கேண்டீனில் இன்ஜெரா, பருப்பு, ஷிரோ என்கிற கடலைமாவுக் குழம்பு, கீரை மட்டும். இன்ஜெரா என்றால் தெஃப் மாவைப் புளிக்கவைத்துச் சுடும் பெரிய தோசை, புளிப்பு மட்டும் நம்முடையதைவிட ஒரு பிடி கூடுதல். எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. பெரிய வெள்ளியன்று வேலைக்குப் போனேன். ஏப்ரல் 1ஆம் தேதி காலையில் போனில் ஊர் ஆராதனையைக் கேட்டு முடித்து, உயிர்த்த பாட்டு வாயிலேயே இருக்க, கோழி வாங்கலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கறிக்கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. தெரு நிறைய வெள்ளைத் துணி போர்த்திய கூட்டம், ஒவ்வொரு தலையிலும் ஓலைப் பட்டை.

அவர்களுக்கு அன்று குருத்தோலை ஞாயிறு. ஹொசன்னா.

எமயேயின் பேரன் ஓடிவந்து, ஓலையில் முடைந்த ஒரு மோதிரத்தை என் விரலில் மாட்டிவிட்டான். நம் ஊரில் சிலுவை முடைவதைப் போல அங்கே மோதிரம். 'எமயே, இன்றைக்கு எங்களுக்கு உயிர்த்தெழுந்துவிட்டார்' என்றேன். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். 'இப்போதுதானே கழுதைமேல் ஊருக்குள் வருகிறார்! வெள்ளிக்கிழமையைத் தாண்ட வேண்டாமா?' கோழி கிடைக்காத என் நோன்பு என்னைக் கேட்காமலே ஒரு வாரம் நீண்டது.

இதற்கும் தூத்துக்குடி அண்ணன் காகிதத்தில் போட்டுக் காட்டினார். விதி இரண்டு பேருக்கும் ஒன்று: மார்ச் 21 அன்றோ அதற்கு அப்புறமோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கடுத்த ஞாயிறு. அந்த வருஷம் வானத்தில் பௌர்ணமி மார்ச் 31. மறுநாளே ஞாயிறு, நமக்கு ஈஸ்டர். அவர்களுடைய மார்ச் 21 நம் கணக்கில் ஏப்ரல் 3. பழைய அட்டவணையின் பௌர்ணமியும் நிஜ நிலாவுக்கு நாலு நாள் பிந்தி ஏப்ரல் 4இல் வருகிறது. ஆக ஞாயிறு ஏப்ரல் 8. நான் வானத்தை ஒப்புக்கொள்ளாத அட்டவணை என்ன அட்டவணை என்றேன். 'ஏன், நம்ம ஊர்ல வாக்கியப் பஞ்சாங்கம் இல்லையா?' என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த 2017இலேயே சனிப்பெயர்ச்சியைத் திருக்கணிதக்காரர்கள் அக்டோபர் 26 என்றார்கள். வாக்கியத்தை வைத்துத் திருநள்ளாற்றில் கூட்டம் கூடியது டிசம்பர் 19. வானத்துச் சனி ஒன்றுதான்.

கிழமையிலும் அவர்கள் நம்மைப் போலில்லை. எத்தியோப்பியத் திருச்சபைக்கு ஞாயிறும் ஓய்வு நாள், சனியும் ஓய்வு நாள். 14ஆம் நூற்றாண்டுத் துறவி எவொஸ்தாதேவொஸ் சனிக்கிழமையை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து நாட்டைவிட்டே போனார். 1450இல் மன்னர் ஸரா யாக்கோப் கூட்டிய சங்கம் இரண்டு நாளையும் ஏற்றுக்கொண்டது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, பாட்டி ஞாபகம்தான் வந்தது. எங்கள் பக்கத்துப் பிரகாசபுரத்தில் 1857இல் சட்டாம்பிள்ளை மிஷனரிமாரோடு முறித்துக்கொண்டு தனிச்சபை தொடங்கினாரே, அவர்களுக்கும் ஓய்வு நாள் சனிக்கிழமைதான். 'சனிக்கிழமைக் கோயில்காரங்க' என்று சொல்லும்போது பாட்டி குரலைத் தாழ்த்துவாள், அது ஏதோ நோய் மாதிரி. வேதத்தில் ஏழாம் நாள் என்றுதானே இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டு ஒரு கொட்டு வாங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 7, சனிக்கிழமை. பச்சைக் கோரைப்புல்லைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஜனங்கள் நடமாடினார்கள். எமயே எனக்கும் ஒன்று கட்டிவிட்டார். ராத்திரி அவரோடு கோயிலுக்குப் போனேன். உட்காருவதற்கு இடமில்லை, சாய்ந்து நிற்க ஒரு நீளக் கம்பு கொடுத்தார்கள். கோயில் வழிபாட்டுக்கான பழைய கீயெஸ் மொழி, ஒரு வார்த்தை புரியவில்லை. முரசுச் சத்தம் மட்டும் நெஞ்சில் அதிர்ந்துகொண்டிருந்தது. வீடு திரும்ப அதிகாலை மூன்றாகிவிட்டது. கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

தரையில் கோரைப்புல் பரப்பி, நடுவில் இன்ஜெராத் தட்டை வைத்தார்கள். டோரோ வாட், கோழியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, வெங்காயத்தை மணிக்கணக்கில் சுருளவிட்டு, முழு முட்டைகளோடு வைக்கும் குழம்பு. கருஞ்சிவப்பாக இருந்த அந்தக் குழம்பை ஐம்பத்தைந்து நாளுக்கு அப்புறம் பார்ப்பவர்களுக்குப் பேச்சே வரவில்லை. எமயே முதல் கவளத்தைச் சுருட்டி என் வாயில் ஊட்டினார்.

அப்போது போன் அடித்தது. ஊரில் காலை ஆறு மணி, அம்மா கோயிலுக்குக் கிளம்புகிற நேரம்.

'ஏல, நடுச்சாமத்துல முழிச்சிருக்க? என்னத்தத் திங்க?'

'ஈஸ்டர்மா.'

'அது போன வாரமே முடிஞ்சிட்டுல்லா!'

எமயே யார் என்று ஜாடையில் கேட்டார். என் அம்மா என்றேன். போனை வாங்கி, அம்மாவுக்குப் புரியாத அம்ஹாரிக்கில் ரொம்ப நேரம் வாழ்த்துச் சொன்னார். அம்மாவும் தமிழில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் என் பக்கத்து முட்டையைப் பேரன் எடுத்துத் தின்றுகொண்டிருந்தான்.