சுற்றுச்சூழல் கல்வி வேலைக்கு நான் வந்து சேர்ந்த வழி

விலங்கியல் படித்துவிட்டு காடு, பறவை என்று வேலைக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோரும் காட்டுகிற ஒரே வழி வனத்துறைத் தேர்வுதான். நானும் அதற்குத்தான் படித்தேன். மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வன உயிரியல் முதுகலை முடித்த கையோடு, டிஎன்பிஎஸ்சி நடத்தும் வனத்தொழில் பழகுநர் தேர்வுக்குத் தயாரானேன். எழுத்துத் தேர்வோடு அது முடியாது, பெண்கள் 4 மணி நேரத்தில் 16 கிலோமீட்டரும் ஆண்கள் 25 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும். நடப்பது எனக்குக் கஷ்டமில்லை. அறிவிப்பு எப்போது வரும் என்றே தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

அந்த இடைவெளியில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். கோடியக்கரையிலும் முத்துப்பேட்டையிலும் பறவை எண்ணுவது, சேற்றைச் சலித்துப் புழு எண்ணுவது, இதுதான் வேலை. வேலை அருமை, ஆனால் சம்பளம் தள்ளித் தள்ளித்தான் வந்தது, திட்டம் முடிந்த அன்றே வேலையும் முடிந்தது. இந்தத் துறையில் நிறையப் பேருக்கு இதுதான் தொடக்கம். சேருவதற்கு முன்பே திட்டம் எந்த மாதம் முடிகிறது, பணம் எந்தத் தவணையில் வருகிறது என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அப்புறம்தான் பள்ளிகளில் இயற்கைக் கல்வி நடத்தும் ஒரு சிறு குழு ஆள் தேடுவது தெரிந்தது. நேர்காணலில் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குளத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் வைத்திருங்கள் என்றார்கள். எனக்கு முன்னால் போனவர் ஓசோன் படலத்தைப் பற்றி நன்றாகவே பேசினார், பிள்ளைகள் பாதியிலேயே கல்லெறிய ஆரம்பித்துவிட்டார்கள். நான் பேசவில்லை. கரையில் நிறைய நத்தை ஓடுகள் கிடந்தன, எல்லாம் காலி. யார் தின்றது, எப்படித் தின்றது என்று மட்டும் கேட்டேன். பெருச்சாளி, நண்டு, கீரி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், ஓடுகளை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள், ஓடு உடையாமல் சதை மட்டும் போயிருக்கிறதே என்று ஒரு பெண்தான் முதலில் கவனித்தாள். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரையில் நத்தைக்குத்தி நாரை ஒன்று வந்து இறங்கியதும், யாரும் சொல்லாமலே எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். வேலை கிடைத்தது.

வனத்துறையில் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்குகிற இடம் இது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. தனியாகக் கற்க வேண்டிய தொழில் இது. பறவையை அடையாளம் காண்பது ஒரு திறமை, பிள்ளைகளின் கேள்விக்கு முன்னால் நிற்பது வேறு திறமை. வேதாரண்யம் பக்கத்தில் உப்பள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூநாரை ஏன் இளஞ்சிவப்பு என்று சொல்லிக்கொடுக்கப் போனால், உப்பு முற்ற முற்றப் பாத்தித் தண்ணீர் சிவப்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த மாதிரி உப்புத் தண்ணீரில் வாழும் பாசியிலும் சின்ன இறாலிலும் இருக்கிற நிறமிதான் சாப்பாட்டு வழியாகச் சிறகுக்குப் போகிறது என்று சேர்த்துவிடுவது மட்டும்தான் என் வேலை.

கடினமான கேள்வியும் வரும். கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்களோடு, காட்டில் திரியும் குதிரைகளும் உண்டு. இரண்டும் அதே புல்லைத்தான் மேய்கின்றன, சீமைக்கருவேலக் காயைத் தின்கிற விலங்குகள் சாணத்தில் விதையைப் பரப்புகின்றன. இதனால் வெளிமானுக்குப் புல் குறைகிறது என்று விளக்கியபோது ஒரு பையன் கேட்டான், "அக்கா, குதிரை என்ன பாவம் பண்ணுச்சு?" இன்னொருவன், சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி போட்டுத்தான் எங்கள் வீடு ஓடுகிறது என்றான். இதற்கெல்லாம் பாடப்புத்தகத்தில் விடை இல்லை. அன்று வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விட்டேன், எந்தப் பக்கமும் ஜெயிக்கவில்லை, அப்படி விட்டதுதான் சரி என்று இப்போதும் நம்புகிறேன்.

மற்றபடி பாதி வேலை கடிதம் எழுதுவதுதான். தலைமையாசிரியர், மாவட்டக் கல்வி அலுவலர், சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி, பெற்றோர் கையெழுத்து. வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத்தொடங்கி மார்ச் வாக்கில் திரும்பும், அதே நேரத்தில் மழை விடுமுறை, அரையாண்டுத் தேர்வு, அப்புறம் பொதுத்தேர்வு. அதனால் அனுமதி வேலையை ஜூன், ஜூலையிலேயே தொடங்க வேண்டும். பள்ளியில் முதலில் தேசியப் பசுமைப் படை என்கிற பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தின் பொறுப்பாசிரியரைப் பாருங்கள், பாதிக் கதவு அங்கேயே திறக்கும். பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள், அது இல்லாத ஒரே காரணத்துக்காக நல்ல இடங்களைக்கூட நான் விட்டிருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் பட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, 15 நிமிடம் நின்று பார்த்துப் பட்டியலை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும், யாரும் சேரலாம். உங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று அவர்கள் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதி விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள். எங்கள் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.