‘எப்போது?’ என்று கேட்ட டீச்சர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் நம் பள்ளியில் எழுபதுகளில் படித்தவர்களுக்கு ஆங்கில டீச்சரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து வருவாரே, அவர்தான். பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டதும், அவர் நடத்திய இறந்தகாலப் பாடம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. எங்கள் தாத்தா பாட்டி பட்ட பாடு ஆண்டு, மாதத்தோடு எங்களுக்குத் தெரியும் என்றால் அதற்கு அந்தப் பாடம்தான் காரணம்.

ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு, டவுனில் இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்புக்கு (ரிமூவ் கிளாஸ்) வந்தவர்கள் நாங்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய். மலாயில் காலத்துக்கு ஏற்ப வினைச்சொல் மாறாது. ‘செமாலாம்’ என்று சொல்லிவிட்டால் நேற்று நடந்தது என்று விளங்கிவிடும். தமிழில் ‘போனேன்’ என்ற ஒரு சொல்லே போதும். ஆங்கிலத்தில் காலச்சொல்லும் வினையும் ஒத்துப்போக வேண்டும். ‘யெஸ்டர்டே’ என்று தொடங்கினால் ‘வென்ட்’தான் வரும், ‘கோ’ வராது. ‘ஹேவ் சீன்’ பக்கத்திலும் ‘யெஸ்டர்டே’ நிற்காது, ஏனென்றால் அது முடிந்துபோன நேரம். நேத்து ராத்திரி என்றால் ‘லாஸ்ட் நைட்’. ‘டூ இயர்ஸ் அகோ’ மட்டும் எல்லாருக்கும் சுலபமாக வந்தது. ‘இரண்டு வருஷத்துக்கு முன்னால்’ என்று நாம் சொல்லும் வரிசைதானே அது.

டீச்சர் இதைக் கரும்பலகையோடு விடவில்லை. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) போய்ப் பெரியவர்களிடம் பழைய கதை கேட்டு ஆங்கிலத்தில் எழுதி வரச் சொன்னார். பெரியவர்கள் ஆண்டு சொல்ல மாட்டார்கள். “ஜப்பான்காரன் காலத்துல”, “கம்யூனிஸ்டு காலத்துல” என்பார்கள். நாங்களும் அப்படியே எழுதிக்கொண்டு போவோம். டீச்சர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “எப்போது?” என்று கேட்பார். பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டு, 1941 டிசம்பர் 8 ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது, 1945 செப்டம்பர் வெள்ளைக்காரர் திரும்பியது, 1957 ஆகஸ்டு 31 மெர்டேக்கா (சுதந்திரம்), 1960 ஜூலை 31 கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலம் முடிந்தது என்று குறித்துவிட்டு, எங்கள் கதைகளை அந்தக் கோட்டில் எங்கே வைப்பது என்று கேட்பார்.

அவசரகாலம் தொடங்கியது நம் ஊரில் நடந்த சம்பவத்தால். 1948 ஜூன் 16, காலை எட்டரை மணி வாக்கில் எல்பில் தோட்டத்தில் மேனேஜர் ஆர்தர் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். சற்று நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் மேலும் இரண்டு வெள்ளைக்காரர்கள். ஆண்டுக்கு ‘இன்’, தேதிக்கு ‘ஆன்’, மணிக்கு ‘அட்’ மூன்றையும் டீச்சர் இதை வைத்தே சொல்லிக்கொடுத்தார். (எட்டரை என்பது பழைய மணிக்கணக்கு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். அதற்கப்புறம் படித்த தம்பி, தங்கைகள் கவனிக்கவும்.) “பெரட்டு முடிஞ்சு பால்மரம் சீவிக்கிட்டு இருந்தப்ப சேதி வந்துச்சு” என்று ஒரு தாத்தா சொன்னார். பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது. ‘வி வேர் டேப்பிங் வென் வி ஹெர்ட் த நியூஸ்.’ நீண்டுகொண்டிருந்த வேலைக்கு ஒரு வடிவம், நடுவில் குறுக்கிட்டதற்கு வேறொரு வடிவம் என்பது அப்போதுதான் பிடிபட்டது.

எங்கள் லயத்துக் கடைசி வீட்டுப் பாட்டியின் கதையை இப்போதும் நினைத்துக்கொள்வேன். அவர் மாசமாக இருந்தபோது புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் (தாய்லாந்து) ரயில்பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். “அவரு திரும்பி வர்றதுக்குள்ள பையன் நடக்க ஆரம்பிச்சுட்டான்” என்றார். இதை ‘வென் ஹி கேம் பேக், த பாய் வாக்ட்’ என்று எழுதினால் அப்பா வந்த பிறகு பையன் நடந்தான் என்றாகிவிடும் என்று டீச்சர் விளக்கினார். பலகையில் அவர் எழுதியது: ‘பை த டைம் ஹி கேம் பேக், ஹிஸ் சன் ஹேட் லேர்ன்ட் டு வாக்.’ அந்த மனுஷன் பார்க்கக் கொடுத்துவைக்காத மாதங்கள் அத்தனையும் அந்த ‘ஹேட்’டில் இருந்தன. எங்கள் வகுப்பில் யாருக்கும் அந்த இலக்கணத்தை இரண்டாவது தடவை விளக்க வேண்டி வரவில்லை.

அப்புறம் வழக்கமான கேள்வி: எப்போது திரும்பினார்? மறுபடி பாட்டியிடம் ஓடினோம். “வாழைமர நோட்டு செல்லாமப் போனதுக்கு அப்புறம்” என்றார். வாழைமரப் படம் போட்ட ஜப்பான் பணம் அது. வெள்ளைக்காரர் திரும்பியதும் செல்லாமல் போனது. அப்படியானால் 1945 செப்டம்பருக்குப் பிறகு. பையனுக்கு அப்போது என்ன வயது என்று பாட்டியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

ஒன்றில் மட்டும் டீச்சரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ‘லாஸ்ட் டைம் மை ஃபாதர் வொர்க் இன் எஸ்டேட்’ என்பது நம் ஊர் ஆங்கிலம், டீச்சருக்கு அது தப்பு. மலாய் ‘டுலு’ போல, முன்பெல்லாம் என்ற பொருளில் சொல்கிறோம். இங்கிலாந்தில் ‘லாஸ்ட் டைம்’ என்றால் போன தடவை என்று எடுத்துக்கொள்வார்கள். ‘யூஸ்ட் டு வொர்க்’ என்றால்தான் விளங்கும். வேலையிடத்தில் நானும் ‘யூஸ்ட் டு’ என்றுதான் பேசுகிறேன். சரி, நமக்குள் பேசும்போது ‘லாஸ்ட் டைம்’ இருந்துவிட்டுப் போகட்டுமே. மலேசியாவில் அது எல்லா இனத்தாருக்கும் புரிகிற பேச்சு.

அந்த வாக்கியங்களைத் தனி நோட்டில் எழுதி வைத்தோம். லண்டன், பெர்த், டொரோண்டோ, எங்கே இருந்தாலும் உங்கள் நோட்டு இருந்தால் பக்கங்களைப் படம் எடுத்து மலர்க்குழுவுக்கு அனுப்புங்கள். தோட்டத்தின் பழைய பெயர், கதை சொன்னவர் உங்களுக்கு என்ன உறவு, எந்த ஆண்டு நடந்தது, இவற்றையும் எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் எதற்கு முன், எதற்குப் பின் என்றாவது குறிப்பிடுங்கள். அடுத்த மலரில் தோட்டவாரியாக வெளியிடலாம்.