ட்ரோன் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு: எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள்

பொழுதுபோக்குக்காக ட்ரோன் பறக்கவிடுகிறவர்களுக்கான எழுத்துத் தேர்வுக்கு நான் படித்துக்கொண்டிருந்தபோது அடிக்கடி கேட்ட கேள்வி, "இந்த விதியெல்லாம் யார் பார்க்கிறார்கள், பாஸ் பண்ணினால் போதாதா?" என்பதுதான். போதாது. பொழுதுபோக்கு என்பதற்காக ஒரு விதியைக்கூடத் தளர்த்தக்கூடாது என்பது படித்து முடித்தபின் எனக்கு வந்த முடிவு. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் உள்ள காரணத்தைப் பிடித்துவிட்டால் தேர்வும் சுலபம், கடைப்பிடிப்பதும் சுமையாகத் தெரியாது.

தேர்வைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. ஐரோப்பாவில் ஏ1 (சிறிய ட்ரோனை ஆட்களுக்கு அருகே பறக்கவிடுவது), ஏ3 (ஆட்களிடமிருந்து தள்ளிப் பறக்கவிடுவது) பிரிவுகளுக்கான இணையத் தேர்வில் 40 கேள்விகள், 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. அமெரிக்காவில் பொழுதுபோக்குப் பைலட்டுகளுக்கான ட்ரஸ்ட் தேர்வில் தோற்கவே முடியாது, தவறாகச் சொன்னால் சரியான விடையை விளக்கித் திருத்திக்கொள்ள விடுவார்கள். இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் பலர் ஒரே இரவில் கேள்வி பதிலை உருப்போட்டு எழுதிவிட்டு அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்கள்.

எல்லாரும் முதலில் மனப்பாடம் செய்வது ட்ரோன் பறக்கக்கூடிய அதிகபட்ச உயரம்: 120 மீட்டர், அடிக்கணக்கில் 400. சரி, ஏன் 120? பல நாடுகளில் ஆள் ஏறிய விமானங்கள், ஏறும் இறங்கும் நேரம் தவிர, 500 அடிக்கு அதாவது சுமார் 150 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது. அவர்களுடைய கீழ் எல்லைக்கும் நம்முடைய மேல் எல்லைக்கும் நடுவில் மிஞ்சுவது 30 மீட்டர்தான், "இன்னும் கொஞ்சம் மேலே போனால் என்ன" என்று ஏற்றுகிறவர் அந்த 30 மீட்டரைத்தான் தின்கிறார். மருத்துவ உதவிக்கும் மீட்புக்கும் வருகிற ஹெலிகாப்டர்கள் அதற்கும் கீழே பறக்கும், ஆகவே ஆள் ஏறிய எதுவாக இருந்தாலும் நாம்தான் வழிவிட வேண்டும். உங்கள் ட்ரோன் 80 மீட்டரில் நிற்கிறது, ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறது, என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "அசையாமல் நிறுத்திக் கவனிப்பேன்" என்ற விடை நியாயமாகவே தோன்றும். உடனே கீழே இறக்குவதுதான் சரி.

இதே உயரக் கணக்கில் இன்னொரு இடத்தில் நன்றாகப் படித்தவர்களே மாட்டிக்கொள்கிறார்கள். 120 மீட்டர் என்பது ட்ரோனுக்குக் கீழே இருக்கிற தரையிலிருந்து. ஆனால் ட்ரோனை இயக்கும் ஆப் காட்டுவது பெரும்பாலும் நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதை. குன்றின் உச்சியில் நின்று கிளப்பிப் பள்ளத்தாக்கின் மேல் கொண்டுபோனால் திரையில் 60 என்றுதான் இருக்கும், கீழே தரையோ 150 மீட்டர் தள்ளி இருக்கலாம். ஒரு தாளில் மலைச்சரிவை வரைந்து நாலைந்து இடத்தில் ட்ரோனை வைத்து உயரத்தைக் குறித்துப் பாருங்கள், அப்புறம் இந்தக் கேள்வி எந்த வடிவத்தில் வந்தாலும் தப்பாது.

கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே பறக்கவிட வேண்டும் என்ற விதிக்கு வருவோம். அதிகம் மீறப்படுவது இதுதான், திரையில்தான் எல்லாம் தெரிகிறதே என்பார்கள். 2017 செப்டம்பரில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு அருகே ஒரு ஃபாண்டம் 4 ட்ரோன் அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் மோதியது. இயக்கியவர் அதைக் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு அனுப்பியிருந்தார், அங்கே தற்காலிகப் பறப்புத் தடை இருந்ததும் அவருக்குத் தெரியாது. விசாரணை அதிகாரிகள் தேடி வரும்வரை மோதல் நடந்ததே அவருக்குத் தெரியாது. ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்கியது, அதன் சுழல் இறக்கையில் சேதம். கேமரா முன்னால் இருப்பதை மட்டும் காட்டும், பக்கத்திலிருந்து வருகிற ஹெலிகாப்டரைக் காட்டாது, சத்தத்தையும் கேட்க விடாது. ஹெலிகாப்டரில் சிக்கிய ட்ரோன் பாகத்தை வைத்துத்தான் உரிமையாளரைக் கண்டுபிடித்தார்கள். பதிவு எண் ஒட்டுவது வெறும் சடங்கு என்கிறவர்களும் இதைக் கவனிக்கலாம்.

250 கிராமுக்குக் குறைந்த ட்ரோன் வைத்திருப்பவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் அந்த எடைக்குத் தேர்வு கட்டாயமில்லை, இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளிலும் நானோ வகைக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம். அதைக் கேட்டதும் எங்கேயும் பறக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2015ல் அமெரிக்கப் பணிக்குழு ஒன்று இந்த எடையை ட்ரோன் பதிவுக்கான வரம்பாகப் பரிந்துரைத்தபோது போட்ட கணக்கு, தரையில் இருக்கும் மனிதர்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பது. விமானத்தில் மோதினால் என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. உயர வரம்பும் தடைசெய்யப்பட்ட பகுதிகளும் சின்ன ட்ரோனுக்கும் உண்டு.

அவசர உதவி நடக்கும் இடத்துக்கு அருகே பறக்காதே என்பதில் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயின்போது, தடையை மீறிப் பறந்த ஒரு ட்ரோன் தண்ணீர் கொட்டும் விமானத்தின் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. தீ எரிந்துகொண்டிருக்க, அந்த விமானம் பழுதுபார்ப்புக்காகத் தரையில் நிற்க வேண்டியதாயிற்று. வேடிக்கை பார்க்கப் பறந்த ஒருவரால் வீடுகளைக் காப்பாற்ற வந்த விமானம் முடங்கியது, இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

படிக்கும் முறை பற்றி. குறிப்பேட்டில் இடப்பக்கம் விதி, வலப்பக்கம் "இதை மீறினால் யாருக்கு என்ன ஆகும்" என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், வலப்பக்கம் காலியாக இருந்தால் அந்த விதி இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். மாதிரித் தேர்வை அதற்குப் பிறகு எழுதுங்கள். தொழில்நுட்பப் பகுதியில் பேட்டரியைத் தள்ளிவிட வேண்டாம்: குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் குறையும், எதிர்காற்றில் திரும்பி வர அதிக மின்சாரம் பிடிக்கும், ஆகவே பாதி தீர்ந்ததும் திரும்பலாம் என்ற கணக்கு அப்போது உதவாது. சிக்னல் போனால் தானாகத் திரும்பும் வசதிக்கு நீங்கள் வைத்த உயரம் சுற்றியுள்ள மரத்தையும் கட்டடத்தையும் விட அதிகமா என்பதும் கேட்கத் தகுந்த கேள்வி, நிஜத்திலும் ஒவ்வொரு தடவை கிளப்பும் முன் பார்க்க வேண்டியது.

தேர்ச்சி பெற்றதும் குறிப்பேட்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள். ஐரோப்பியச் சான்றிதழ் 5 வருடம் செல்லும், அதற்குள் விதிகள் மாறலாம். தற்காலிகத் தடைகளோ அன்றன்றைக்கு வருபவை, பறக்கும் நாளில் உங்கள் நாட்டு விமானத்துறையின் வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் பேட்டரியை மாட்டுங்கள்.