வண்டலோடு போன நெத்து

காரைக்குடி வட்டாரத்தில் கண்மாய், ஊருணி சீரமைக்கும் வேலையில் எனக்குப் பதினோரு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடத்தில் செய்த ஒரு தவறு இன்னும் மனதில் உறுத்துகிறது.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஊருணி. நாலு பக்கமும் படிக்கட்டு. அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவை அடைத்துக் கிடந்தது. வைகாசியில் ஜேசிபி இறக்கினோம். மூன்றே நாளில் தரை தெரிந்தது. அள்ளிய வண்டலைக் கேட்டவர்களுக்கெல்லாம் டிராக்டரில் அனுப்பி வைத்தோம். ஊருக்கே சந்தோஷம்.

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகையில் போனேன். வண்டல் கொட்டிய வயலில் வரிசையாக விரல் உயரக் கன்றுகள். வயல்காரர் ஒன்றைப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

“உரம்னு சொல்லிக் குடுத்தீங்க தம்பி, கருவையில்ல மொளச்சு நிக்குது.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வைகாசி என்பது சீமைக்கருவையின் நெத்து, அதாவது முற்றிக் காய்ந்த காய், உதிர்ந்து கிடக்கும் காலம். மேல்மண்ணோடு அதையும் வாரி வண்டியில் ஏற்றியிருக்கிறோம். கருவை இல்லாத வயலுக்கு நாங்களே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம்.

அந்த விதைக்கு ஓடு கெட்டி. மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். நெத்து இனிப்பாக இருப்பதால் ஆடும் மாடும் விரும்பித் தின்னும். வயிற்றுக்குள் போய் வந்தால் ஓடு இளகி, சாணத்தின் ஈரத்திலேயே முளைத்துவிடும். இது புரிந்த பிறகு, வயலில் கிடை போட மந்தை ஓட்டி வரும் கீதாரிகளிடம் முதலில் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். நெத்து தின்ற மந்தையை, சுத்தம் செய்த கண்மாய்க்குள் உடனே இறக்க வேண்டாம், ஒரு வாரம் போகட்டும் என்று கேட்போம். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மந்தை எங்கே மேய்ந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

வண்டல் எடுப்பதையும் மாற்றினோம். நெத்து கிடக்கும் மேல்மண்ணைத் தனியாக வழித்து ஒரே இடத்தில் குவித்துவிடுவோம். அடிமண் மட்டும்தான் வயலுக்குப் போகும். கூலி கூடுகிறது. கூடட்டும்.

1877இல் இந்தியாவுக்குள் வந்த மரம் இது. அடுப்புக்கு விறகாச்சு, வேலிக்கு முள்ளாச்சு, கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி ஊர் ஊராக வெட்டினார்கள். நான் பார்த்த பல இடங்களில் தரைமட்டத்தோடு அறுத்து நிறுத்திவிட்டார்கள். அப்படி விட்டால் மறு மழைக்கு ஒரு தூருக்குப் பத்துக் கிளை. துளிர்க்கும் கணு மண்ணுக்குக் கீழேயும் இருக்கிறது. ஒரு அடியாவது தோண்டித் தூரோடு எடுக்க வேண்டும்.

இன்னொன்று, நாட்டுக்கருவேலத்தைக் காப்பாற்றுவது. இயந்திரம் ஓட்டுகிறவருக்கு இரண்டும் முள்மரம்தான். நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்த மாதிரி இருக்கும். சீமைக்கருவையின் பூ விரல் போல நீளும். நெத்தும் மணி மணியாக இல்லாமல் நீளமாக இருக்கும். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் பறவைகள் கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக்கருவேலத்தில்தான். அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அதனால் வேலை தொடங்குமுன் நாட்டு மரங்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிடுகிறோம்.

அந்த வயலுக்கு மட்டும் தொடர்ந்து மூன்று கார்த்திகை போனேன். முதல் வருடம் நாலு பேர் நாலு நாள் குனிந்து பிடுங்கினோம். மழை விட்ட மூன்று நாலு நாளைக்குள் பிடுங்க வேண்டும். ஈரத்தில் கன்று நூல் மாதிரி ஆணிவேரோடு வந்துவிடும். வெயில் ஏறி மண் இறுகிவிட்டால் கழுத்தில் ஒடிந்து, அடியில் தங்கித் துளிர்க்கும். வயல்காரரின் ஆத்தா வரப்பில் உட்கார்ந்து, நாங்கள் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து நுனிவேர் இருக்கிறதா என்று பார்த்தார். ஒடிந்து வந்ததைத் தனியாக வைத்து, “இது உள்ள கெடக்குப்பா, தோண்டு” என்றார். தோண்டினோம். மூன்றாம் வருடம் அந்த வயலில் பதினேழு கன்றுதான் கிடைத்தது.