சாய்ந்த பக்கம்

தூத்துக்குடியில் சரக்குச் சேதம் பார்க்கும் சர்வேயராகப் பல வருடங்களாக வேலை செய்கிறேன். ஹேட்ச் என்னும் சரக்கறை மூடியைத் திறந்து, நனைந்த மூட்டை கண்ணில் பட்டதும் என் பையிலிருந்து முதலில் வெளியே வருவது ஒரு சின்னக் குப்பி. உள்ளே சில்வர் நைட்ரேட் கரைசல். ஈரச் சாக்கின்மேல் இரண்டு சொட்டு விட்டுக் குனிந்து பார்ப்பேன். பால்போல வெளுத்தால் உப்பு. அநேகமாகக் கடல் தண்ணீர். வெளுக்காவிட்டால் மழை, இல்லையென்றால் கப்பலின் உள்சுவர் வியர்த்து வடிந்த நீர். யார் பணம் தருவது என்ற தகராறே அந்த வெளுப்பில்தான் தொடங்கும். ஆனால் தண்ணீர் எந்த ராத்திரி, எந்த வழியாக உள்ளே வந்தது என்று குப்பி சொல்லாது. அதை ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும்.

கப்பல் மனிதர்கள் இதையெல்லாம் எப்படிச் சொன்னார்கள் என்று தேடப்போய், கடல் வழக்குகளை விசாரித்த லண்டன் அட்மிரால்டி நீதிமன்றத்தின் 1650-களின் சாட்சியப் பதிவுகளில் மாட்டிக்கொண்டேன். மூலச் சுவடிகள் லண்டனின் க்யூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிறையப் பக்கங்களைத் தன்னார்வலர்கள் படியெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் பாய்மரக் கப்பல்கள். ஜான்டே தீவின் உலர்திராட்சை, பார்படோஸ் சர்க்கரை, கானரித் தீவுகளின் ஒயின். புயலில் சரக்கு கெட்டுப்போனதும் வணிகர் சரக்குக் கூலி தர மறுப்பார். கப்பல்காரர் வழக்குப் போடுவார். ரோமானியச் சட்ட மரபு என்பதால் சாட்சியை எல்லார் முன்னும் நிறுத்தி விசாரிப்பதில்லை. ஒவ்வொருவரையும் தனியே உட்காரவைத்து, இரு தரப்பும் எழுதிக் கொடுத்த கேள்விகளைக் கேட்பார்கள். புறப்படும்போது கப்பல் திடமாக இருந்ததா? பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து ஒழுங்காக அடித்திருந்ததா? சரக்கு நனையாதிருக்க அடியில் டன்னேஜ் (dunnage) என்னும் கட்டைகள் போட்டிருந்ததா? எழுத்தர் எல்லாவற்றையும் "இந்தச் சாட்சி சொல்வதாவது" என்று படர்க்கையில் எழுதுவார். கடைசியில், லண்டன் ஆற்றோரத்து வாப்பிங்கிலோ லைம்ஹவுஸிலோ குடியிருக்கும் அந்த மாலுமியின் கையெழுத்து இருக்கும். எழுதத் தெரியாதவர் என்றால் ஒரு கீறல்.

ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. யாரைக் கேட்டாலும் கப்பல் திடம், புயல் கொடியது, நாங்கள் உயிரைக் கொடுத்து உழைத்தோம் என்ற ஒரே பாட்டு. காரணமும் தெரிந்ததுதான். சரக்குக் கூலி வந்தால்தான் மாலுமிக்குச் சம்பளம். கப்பல் மூழ்கினால் அதுவும் மூழ்கும். இங்கிலாந்தில் அந்த விதியை 1854-ஆம் வருடத்துச் சட்டம்தான் எடுத்தது. வயிற்றுப்பாட்டுக்குச் சொன்ன சாட்சி என்று ஒதுக்கிவிட்டேன். இன்றும் புயலில் சிக்கி வரும் கேப்டன் நோட்டரியிடம் போய், சேதம் புயலால்தான் என்ற "புரொட்டெஸ்ட்" வாக்குமூலத்தைப் பதிவு செய்கிறார். நம் 1952-ஆம் வருட நோட்டரிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவிலேயே அந்த வேலை இருக்கிறது. அந்தத் தாள்களும் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான்.

குறிப்பாக ஒரு விஷயம் உறுத்தியது. பம்பில் காற்று வரும்வரை இறைத்தோம், நடுவே தண்ணீரே இல்லை என்பார்கள். அதே மூச்சில், ஓரத்து அடி வரிசைப் பீப்பாய்கள் நனைந்துவிட்டன என்பார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

எஞ்சின் வருவதற்கு முன்னால் பாய் கட்டிக் கொழும்புக்குத் தோணி ஓட்டிய வயதான தண்டல் (தோணித் தலைவர்) ஒருவரை எனக்குத் தெரியும். "இது பொய்தானே அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"காத்து ஒரே பக்கமா அடிச்சா தோணி சாஞ்சேதான் ஓடும் தம்பி" என்று உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார். "தண்ணி சாஞ்ச பக்கத்து மூலையில போய்க் கெடக்கும். பம்பு இருக்கது நடுவுல. நடு காஞ்சி கெடக்கும், ஓரத்து மூட்ட ஊறிக்கிட்டே கெடக்கும். அந்த ஆளு பாத்ததத்தான் சொல்லியிருக்கான்."

வெட்கமாக இருந்தது. முந்நூற்றைம்பது வருடத்துக்கும் முந்தைய ஒரு மாலுமியின் வார்த்தையை, அவன் கப்பலின் சாய்வு தெரியாமல் நான் தள்ளியிருக்கிறேன். ஒதுக்கிய பக்கங்களை மறுபடி எடுத்தேன். பல்லவியைத் தாண்டி, கேள்வி கேட்காததற்கும் பதில் வரும் இடங்களைத் தேடினேன். எந்தப் பக்கத்து மூட்டு விரிந்தது, பாய்மரத்தை வெட்டும் முன் கேப்டன் யாரைக் கலந்தார் என்பது போன்ற இடங்கள். கலந்து பேசாமல் சரக்கைக் கடலில் தள்ளக்கூடாது என்பது இடைக்கால ஒலெரான் கடல் சட்டங்களிலேயே உண்டு. எல்லாரையும் காக்க ஒருவர் சரக்கைத் தள்ளினால் நட்டத்தை எல்லாரும் பங்கிட வேண்டும் என்பது அதைவிடப் பழைய ரோட்ஸ் தீவுச் சட்டம். அப்படி ஒரு பங்கீட்டுக்கு, அந்த இருட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று நினைவு வைத்திருந்தவன் சொல்தான் ஆதாரம். சர்க்கரைக் கப்பலில் ஒழுக்கு கண்டால் பம்புத் தண்ணீரே இனிக்கும். அது பம்படித்தவன் நாக்குக்குத்தான் தெரியும்.

இப்போதும் குப்பியை எடுக்கிறேன். வெளுத்ததும் நேராகக் கப்பலின் பயணக் குறிப்பேடான லாக் புக்குக்குப் போவதில்லை. மாலுமிகளின் மேஸ்திரியான போசனைத் தேடிப்போய், எத்தனை ராத்திரி, கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்று கேட்கிறேன். அவர் உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டுகிறார்.